அரங்கேற்ற வட்டும் காலை மறைக்கும் எழுத்தும்

ஜூன் 7, 2025, சனி

நடனம் கற்றுத்தரும் அம்மா, தன் மாணவிகளுக்குக் காட்ட அக்காவின் பரதநாட்டிய அரங்கேற்ற டிவிடியைக் கேட்டார். 2004இல் எடுத்தது. வெளிநாட்டு உறவினர்களுக்காகப் பாட்டின் பொருளை ஆங்கில சப்டைட்டிலாகப் போடச் சொன்னது நாங்கள்தான். இன்று பார்த்தால் அந்த இரண்டு வரி எழுத்து நேராகக் கால் மேல் வந்து உட்காருகிறது. ஆடக் கற்கும் பிள்ளைகளுக்குக் கால் தெரிய வேண்டாமா?

ஜூன் 8, ஞாயிறு

டிவிடியில் சப்டைட்டில் காட்சியோடு கலந்ததில்லை. நான்கே நிறங்களில் சின்னச் சின்னப் படங்களாகத் தனியாக இருக்கிறது. பிளேயர்தான் அதைக் காட்சியின் மேல் வைத்துக் காட்டுகிறது. ரிமோட்டில் அணைக்கலாம், ஆனால் எங்கள் வட்டைப் போடும்போதெல்லாம் மறுபடி வருகிறது. அதனால் வட்டில் வீடியோ இருக்கும் விஓபி கோப்புகளைக் கணினியில் ஏற்றி, படமும் ஒலியும் மட்டும் போதும் என்று எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் கொடுத்தேன். மறுபடி என்கோட் செய்யாமல் அப்படியே நகலெடுத்ததால் தரம் துளியும் குறையவில்லை. தொடக்க உருப்படியான கவுத்துவத்தில் அக்காவின் கால் முழுசாகத் தெரிந்தது. அம்மா இரண்டு முறை போடச் சொன்னார்.

நிகழ்ச்சியின் நீண்ட, முக்கிய உருப்படியான வர்ணம்தான் வரவில்லை. அந்த இடத்தை டிரைவ் படிக்கவே மாட்டேன் என்கிறது. டிவிடி-ஆர் வட்டில் பதிவு நிற்பது ஒரு சாயப் பூச்சில். 21 வருடத்தில் அது கெட்டிருக்க வேண்டும். துடைத்துப் பார்த்தேன், வேறு டிரைவிலும் போட்டேன். பலனில்லை.

ஜூன் 14, சனி

அதே நிகழ்ச்சி மூன்று விசிடிகளாகவும் (வீடியோ சிடி) பீரோவில் இருந்தது. வர்ணம் முழுக்க ஓடுகிறது! ஆனால் விசிடியில் சப்டைட்டிலுக்குத் தனி இடமே கிடையாது. எழுத்து காட்சியோடு காட்சியாகப் பதிந்துவிட்டது, அடியில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. 352க்கு 288 புள்ளிகள்தான் மொத்தப் படமும். கீழே வெட்டினால் காலும் போகும்.

படத்தின் மேலுள்ள எழுத்தை மறைக்கும் டிலோகோ ஃபில்டரைப் போட்டேன். சுற்றியுள்ள நிறத்தை இழுத்து அந்த இடத்தை நிரப்பும். மேடைத் தரை ஓரளவு சரியாக வந்தது, பாதம் சேறு பூசியதுபோல் ஆனது. அப்புறம் எழுத்தில்லாத நொடிகளிலிருந்து தரையை எடுத்து ஒட்டினேன். கேமரா அசையாததால் தரை அழகாகப் பொருந்தியது. பாதம் அப்படி இல்லையே, நொடிக்கு 25 படங்களிலும் வேறு வேறு இடம்.

தாளச் சொற்களுக்கு ஆடும் ஜதிகளில் பாட்டு வரி இல்லை, எழுத்தும் இல்லை. அங்கே கால் தெளிவு. சிக்கல் எல்லாம் வர்ணத்தின் பின்பகுதியான சரணத்தில், ஸ்வரத்துக்குரிய சாகித்யம் (பாட்டு வரி) வரும் இடத்தில். கை அபிநயம் பிடிக்க, கால் தட்டு மெட்டு என்ற தாள அடியைப் போடும். அம்மா காட்ட நினைத்ததே அதைத்தான்.

ஜூன் 15, ஞாயிறு

அழித்ததையும் அழிக்காததையும் அம்மாவுக்கு அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். அழித்ததைப் பார்த்து முகம் சுளித்தார். "இந்தக் காலைப் பார்த்துப் பிள்ளைகள் தப்பாகப் பிடித்துக்கொள்ளும். எழுத்து இருக்கட்டும்ப்பா, சத்தத்தைக் கூட்டு."

கூட்டினேன். சலங்கை ஒவ்வொரு தட்டிலும் தனித்தனியாகக் கேட்டது. அம்மா தாளம் தட்டும் தட்டுக்கழியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சரணம் முடிவதற்குள் காலின் சொற்கட்டு (தாளச் சொல் வரிசை) நோட்டில் ஒரு பக்கம் வந்துவிட்டது. ஓர் இடத்தில் மட்டும் சந்தேகம், அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறார்.