பிரவுசர் ஹேங் ஆனால் கேஷை அழிக்கும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள்

பிரவுசர் மெதுவானதும் பலரும் செய்வது இரண்டே வேலைதான். முதலில் கேஷ் (பார்த்த பக்கங்களின் துண்டுகளைப் பிரவுசர் சேமித்து வைக்கும் இடம்) முழுவதையும் அழிப்பார்கள். அதிலும் சரியாகாவிட்டால் பிரவுசரையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள். இரண்டாலும் பெரும்பாலும் பலன் இருக்காது. பக்கங்கள் வேகமாகத் திறப்பதற்காகத்தான் கேஷே இருக்கிறது. அதை அழித்தால், போகிற தளமெல்லாம் படங்களையும் ஸ்கிரிப்டுகளையும் முதலிலிருந்து இறக்கும். கொஞ்ச காலத்துக்கு வேகம் இன்னும் குறையும். மறுநிறுவல் கதை இன்னும் வேடிக்கை. குரோமை நீக்கும்போது பிரவுசிங் டேட்டாவையும் அழிக்கவா என்று கேட்கும் பெட்டியில் டிக் போடாவிட்டால், உங்கள் செட்டிங்ஸும் புக்மார்க்கும் இருக்கும் புரொஃபைல் ஃபோல்டர் டிஸ்கிலேயே கிடக்கும். புதிதாக நிறுவிய குரோம் அதே ஃபோல்டரை எடுத்துக்கொண்டு, அதே எக்ஸ்டென்ஷன்களோடும் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த கருவிகள்) அதே பழுதோடும் திறக்கும். டிக் போட்டு நீக்கியிருந்தாலும், கணக்கில் நுழைந்து சிங்க் ஓடியதும் எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

ஆகவே எதையும் அழிக்கும் முன், கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அது ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் இருக்கலாம், பிரவுசரில் இருக்கலாம், கணினியில் இருக்கலாம், இணைய இணைப்பில் இருக்கலாம். டேப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே திறந்திருக்கும் வேறொரு டேப்பில் ஸ்க்ரோல் சீராகப் போகிறது என்றால் இணைப்பையோ அந்தத் தளத்தையோ சந்தேகப்படலாம். டைப் செய்த எழுத்து தாமதமாக வருகிறது, பிரவுசர் மெனுவே திறக்க மறுக்கிறது என்றால் பிரவுசர் அல்லது கணினி. ஸ்டார்ட் மெனுவும் திறக்கவில்லை, மவுஸ் பாயின்டரும் நின்று நின்று நகர்கிறது என்றால் பிரவுசர் செட்டிங்ஸைக் குடைவதில் பொருளே இல்லை.

விண்டோஸில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ஹேங் ஆகிக்கொண்டிருக்கும்போதே அது திறந்திருக்க வேண்டும்; எல்லாம் சரியான பிறகு பார்த்தால் எண்களில் ஒன்றும் தெரியாது. அதனால் பிரவுசரைத் தொடங்கும் முன்பே அதைத் திறந்து ஓரமாக வைத்துவிடுவது நல்லது. சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் ஆகிய நான்கு பத்திகளில் எது உச்சத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

பழைய கணினிகளில் பெரும்பாலும் மாட்டுவது டிஸ்க்தான். டிஸ்க் 100% என்று காட்டும். ஆனால் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் வேகத்தைப் பார்த்தால் நொடிக்கு ஓரிரு எம்பிதான் இருக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்கில் இது வழக்கம். பிரவுசர் எழுதுவதும் படிப்பதும் சின்னச் சின்ன ஃபைல்கள். ஒவ்வொன்றுக்கும் டிஸ்கின் ஹெட் இடம் மாற வேண்டும். கூடவே விண்டோஸ் அப்டேட்டோ ஆன்டிவைரஸ் ஸ்கேனோ ஓடினால் பிரவுசர் வரிசையில் காத்துக் கிடக்கும். கணினியைப் போட்ட சற்று நேரம் மட்டும் இப்படி இருந்து பிறகு சரியானால் அது ஸ்டார்ட்அப் நெரிசல். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாதவற்றை டிஸேபிள் செய்தால் போதும். நாள் முழுக்க இப்படியே இருந்தால் விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். ‘டிஸ்க்’ என்ற சோர்ஸில் 7 அல்லது 153 எண்ணுள்ள பதிவுகள் திரும்பத் திரும்ப இருந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு முக்கியமான ஃபைல்களை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். 7 என்றால் டிஸ்கில் பேட் பிளாக், அதாவது கெட்டுப்போன இடம். 153 என்றால் படிக்கவோ எழுதவோ செய்த முயற்சி தோற்று மறுபடி செய்யப்பட்டது. கேபிள் தளர்ந்திருந்தாலும் 153 வரும். எப்படியானாலும் நகல் முதலில், ஆராய்ச்சி பிறகு.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் கதை வேறு. ரேமில் இடமில்லாமல் விண்டோஸ் அதில் இருப்பதில் ஒரு பகுதியைப் பேஜிங் ஃபைலுக்கு, அதாவது ரேமுக்குத் துணையாக டிஸ்கில் ஒதுக்கிய இடத்துக்குத் தள்ளுகிறது. டேப் மாற்றும்போதெல்லாம் அவை டிஸ்கிலிருந்து திரும்பி வர வேண்டும். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் இன்றைய பிரவுசரை ஓட்டினால் இதைத் தவிர்க்க முடியாது. குரோம் ஏன் இவ்வளவு ரேம் தின்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. 2018-ல் குரோம் 67 முதல், ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி பிராசஸில் (தனியாக ஓடும் நிரல்) அடைத்து வைக்கும் சைட் ஐசொலேஷன் ஏறக்குறைய எல்லா டெஸ்க்டாப் பயனர்களுக்கும் வந்தது. சிபியுவின் வடிவமைப்புக் குறையைப் பயன்படுத்தும் ஸ்பெக்டர் வகைத் தாக்குதலில் ஒரு தளம் இன்னொரு தளத்தின் தரவைத் திருடாமல் இருக்க அது வேண்டும். அதற்குக் கூடுதல் மெமரி செலவு 10 முதல் 13 சதவீதம் என்று கூகுளே அப்போது சொன்னது. ரேமை மிச்சம் பிடிக்க இதை அணைக்கச் சொல்லும் ‘டிப்ஸ்’களைப் பின்பற்றாதீர்கள்.

இதே இடத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்கினால் ‘கமிட்டட்’ என்று இரண்டு எண்கள் தெரியும்: 7.6/7.9 ஜிபி என்பதுபோல. இரண்டாவது எண் ரேமும் பேஜிங் ஃபைலும் சேர்ந்த எல்லை. எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) தேயாமல் இருக்க பேஜிங் ஃபைலை அணைத்துவிடுங்கள் என்ற பழைய அறிவுரையைக் கேட்டவர்களுக்கு, ரேமில் இடம் காலியாக இருக்கும்போதே டேப்கள் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று விழும். அந்த எல்லை முட்டிவிட்டது என்று பொருள். அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் வர்ச்சுவல் மெமரி பகுதிக்குப் போய், அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்படி டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும்.

ரேம் கூட்ட முடியாதவர்களுக்கு மெமரி சேவர் உதவும். குரோமில் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் என்று போனால் இருக்கும். எட்ஜில் இதைப் போன்றது ஸ்லீப்பிங் டேப்ஸ்; அது டேப்பை உறங்க வைக்கும். குரோமின் மெமரி சேவர், பின்னால் சும்மா கிடக்கும் டேப்பை மெமரியிலிருந்து இறக்கிவிடும். திரும்பப் போனால் பக்கம் புதிதாக லோட் ஆகும். எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்களை அங்கேயே விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம்.

டிஸ்கிலும் மெமரியிலும் இடர் இல்லை, பிரவுசர் மட்டும் சிபியுவை உறிஞ்சுகிறது என்றால் அடுத்து திறக்க வேண்டியது பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டாஸ்க் மேனேஜர். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் ஷிஃப்ட் + எஸ்கேப். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ஒரே பெயரில் இருபது வரி தெரியும் இடத்தில், இங்கே எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் என்று பெயரோடு தெரியும். சிபியு பத்தியின் தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் தின்பது மேலே வரும். குரோமில் ‘சப்ஃப்ரேம்’ என்று தொடங்கும் வரிகளைக் கவனியுங்கள். பக்கத்துக்குள் வேறு தளத்திலிருந்து பொதியப்பட்ட துண்டுகள் அவை, பெரும்பாலும் விளம்பரம். ஒரு டேப்பின் மெமரி, நீங்கள் ஒன்றும் செய்யாதபோதும் ஏறிக்கொண்டே போனால் அந்தப் பக்கத்தின் ஸ்கிரிப்டில் கசிவு இருக்கிறது. அதற்கு உங்கள் கணினியில் மருந்து இல்லை. டேப்பை அவ்வப்போது மூடித் திறக்க வேண்டியதுதான்.

எக்ஸ்டென்ஷன்தான் குற்றவாளியா என்பதை எளிதாகச் சோதிக்கலாம். குரோமிலும் எட்ஜிலும் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + என் அழுத்தித் தனி விண்டோவை (இன்காக்னிட்டோ அல்லது இன்பிரைவேட்) திறந்து அதே தளத்துக்குப் போங்கள். நீங்கள் தனியாக அனுமதி கொடுத்திருந்தால் ஒழிய அங்கே எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது. ஃபயர்ஃபாக்ஸில் ஹெல்ப் மெனுவில் இருக்கும் ட்ரபிள்ஷூட் மோட் இன்னும் தெளிவானது. எக்ஸ்டென்ஷன், தீம், ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் (படம் வரையும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்புக்குக் கொடுப்பது) எல்லாவற்றையும் ஒருசேர நிறுத்திவிடும். அங்கே வேகமாக ஓடினால் திரும்பி வந்து எக்ஸ்டென்ஷன்களில் பாதியை அணையுங்கள். சரியானால் அணைத்த பாதியில் குற்றவாளி, இல்லாவிட்டால் மற்றப் பாதியில். இப்படிப் பாதி பாதியாகப் போனால் பன்னிரண்டு எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் நான்கு சுற்றுக்குள் பிடிபடும். வழக்கமாக மாட்டுபவை: ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு ஆட் பிளாக்கர்கள், எல்லா எழுத்துப் பெட்டிக்குள்ளும் நுழையும் இலக்கணத் திருத்திகள், விலை ஒப்பிட்டுச் சொல்லும் கூப்பன் கருவிகள், எப்போதோ ஒருமுறை தேவைப்பட்ட வீடியோ டவுன்லோடர். நீக்க மனமில்லாதவற்றுக்கு, எக்ஸ்டென்ஷனின் டீடெயில்ஸ் பக்கத்தில் சைட் ஆக்சஸை ‘ஆன் க்ளிக்’ என்று மாற்றினால் கூப்பிடும்போது மட்டும் வரும்.

தனி விண்டோவில் சரியாக ஓடுகிறது, ஆனால் எல்லா எக்ஸ்டென்ஷனையும் அணைத்தும் சாதாரண விண்டோவில் தகராறு தீரவில்லை என்றால், அந்தத் தளம் உங்கள் கணினியில் சேர்த்து வைத்திருக்கும் குக்கியும் (லாகின் போன்றவற்றை நினைவில் வைக்கும் சிறு ஃபைல்) தரவும்தான் காரணமாக இருக்கும். அப்போதும் கேஷ் முழுவதையும் அழிக்க வேண்டாம். முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் ஐகானைச் சொடுக்கி, குக்கீஸ் அண்ட் சைட் டேட்டாவில் அந்த ஒரு தளத்தை மட்டும் அழியுங்கள். அதில் மட்டும் மறுபடி லாகின் செய்ய நேரும், மற்றவை தப்பும்.

எல்லாத் தளத்திலும் தகராறு, எக்ஸ்டென்ஷனும் இல்லை என்றால் புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்கி அதில் ஓட்டிப் பாருங்கள். அது வேகமாக இருந்தால் பழைய புரொஃபைல் கெட்டிருக்கிறது. புக்மார்க்கையும் பாஸ்வேர்டையும் எக்ஸ்போர்ட் செய்து புதியதில் ஏற்றிக்கொள்ளலாம். பாஸ்வேர்டு ஃபைல் பூட்டு எதுவும் இல்லாத வெறும் எழுத்தாக இருக்கும். ஏற்றியதும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் சேர்த்து அழிக்கவும். ஃபயர்ஃபாக்ஸில் ‘ரிஃப்ரெஷ் ஃபயர்ஃபாக்ஸ்’ இந்த வேலையைத் தானே செய்யும். புக்மார்க், பாஸ்வேர்டு, ஹிஸ்டரி தங்கும், எக்ஸ்டென்ஷன்கள் போய்விடும்.

வீடியோ ஓடும்போது மட்டும் திணறினால் மேலே சொன்ன எதுவும் காரணமாக இருக்காது. யூடியூப் வீடியோமீது ரைட் க்ளிக் செய்து ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறந்தால் கோடெக்கின் (வீடியோவைச் சுருக்கிப் பிரிக்கும் முறை) பெயரும் விட்டுப்போன ஃபிரேம்களின் எண்ணிக்கையும் தெரியும். ஏவி1 கோடெக்கை கிராஃபிக்ஸ் சிப்பே பிரிக்கும் வசதி இன்டெலில் 11-ஆம் தலைமுறையில்தான் வந்தது; விபி9-க்கு முழு வசதி 7-ஆம் தலைமுறையில். அதற்கு முந்தைய கணினிகளில் அந்த வேலை பெரும்பாலும் சிபியு தலையில் விழும். இணைப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும் ஃபிரேம்கள் உதிரும். 720 அல்லது 480-க்கு இறக்கிப் பார்ப்பதே சுருக்கமான வழி.

வீடியோவில் மட்டும் இல்லாமல், திரை கறுத்துக் கறுத்து வருவது, பக்கம் பாதி வெள்ளையாக நிற்பது போன்றவை கிராஃபிக்ஸ் டிரைவரின் வேலை. விண்டோஸ் + கண்ட்ரோல் + ஷிஃப்ட் + பி அழுத்தினால் டிரைவர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். திரை ஒரு கணம் கறுத்து, உறைந்தது விடுபட்டால் சந்தேகம் உறுதி. குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் என்று போய் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை அணைத்து ரீலாஞ்ச் செய்யுங்கள். சரியானதும் அப்படியே விட்டுவிடுகிறார்கள் பலர். அது தற்காலிக ஒட்டு; வீடியோ வேலையெல்லாம் சிபியுவுக்கு வந்துவிடும். சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய டிரைவரைப் போட்டுவிட்டு மறுபடி ஆன் செய்ய வேண்டும்.

இணைப்புதான் காரணம் என்று தோன்றினால் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். முதல் வரியைச் சொடுக்கி ‘டைமிங்’ பார்த்தால் நேரம் எங்கே கரைகிறது என்று துண்டு துண்டாகத் தெரியும். டிஎன்எஸ் லுக்அப்புக்கு (தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடுவது) நொடிக் கணக்கில் ஆனால் பிரவுசரின் செக்யூரிட்டி பகுதியில் செக்யூர் டிஎன்எஸ் இருக்கிறது, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 அல்லது கூகுளின் 8.8.8.8 சேவையைத் தேர்ந்தெடுக்கலாம். சர்வர் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் ஒரு தளத்தில் மட்டும் நீண்டால் தவறு அவர்கள் பக்கம். கன்டென்ட் டவுன்லோடு நீண்டால் வைஃபையைச் சந்தேகியுங்கள். கேபிளைச் சொருகிச் சோதித்தால் ஐயம் தீரும். அதோடு, மேகத்துக்குப் படங்களை ஏற்றும் செயலி ஏதாவது அப்லோடு முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று டாஸ்க் மேனேஜரின் நெட்வொர்க் பத்தியில் பார்க்க மறக்காதீர்கள். அப்லோடு நிரம்பினால் டவுன்லோடும் இழுக்கும்.

இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே கணினியில் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். இருக்கும் ஒன்று எச்டிடிபிஎஸ் (மறையாக்கம் செய்த) போக்குவரத்தை இடைமறித்துச் சோதிக்கிறதா என்பதை, தளத்தின் அடையாளச் சான்றான சர்டிஃபிகேட்டை வழங்கியவர் பெயரில் ஆன்டிவைரஸின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தே சொல்லிவிடலாம். அந்த வசதியை மட்டும் ஐந்து நிமிடம் அணைத்துப் பாருங்கள், முழு ஆன்டிவைரஸையும் அல்ல.

லேப்டாப்பில் அரை மணி நேரம் நன்றாக ஓடிய பிறகு மெதுவானால் சூடுதான். சிபியு பகுதியில் ‘ஸ்பீடு’ பாருங்கள். அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்க, முழுச் சுமையில் 0.8 காட்டினால் ஃபேனில் தூசி அடைத்திருக்கிறது அல்லது சிபியுவின் சூட்டை வெளியேற்ற உதவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது. வெவ்வேறு தளங்களில் டேப்கள் காரணமில்லாமல் விழுகின்றன, இன்னொரு பிரவுசரிலும் அதே கதை என்றால் மெம்டெஸ்ட்86 போட்டு இரவு முழுக்க ரேமைச் சோதியுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை நம்பக்கூடாது.

விண்டோஸ் 7, 8.1 வைத்திருப்பவர்களுக்குக் குரோம் 2023 தொடக்கத்தில் வந்த 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. புதிய தளங்கள் அதில் தடுமாறுவதை எந்த செட்டிங்கும் சரிசெய்யாது. ஹார்டுவேரில் ஒன்றை மட்டும் மாற்ற முடியும் என்றால், ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிக்கு எஸ்எஸ்டியைத்தான் சொல்வோம். ரேம் 4 ஜிபி மட்டும் என்றால் அடுத்து 8. வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியில் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ரேமிலும் வகை உண்டு: டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 உட்காராது. சில மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும், அங்கே கூட்டவே வழியில்லை.