லயத்துப் பேச்சில் நன்னூல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சூழ்ந்த ரப்பர் தோட்டங்களில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து நம் பள்ளிக்கு வந்த எங்களுக்கு, பவணந்தி முனிவரின் இலக்கண நூலான நன்னூல் தொடக்கத்தில் எட்டாத உயரத்தில்தான் இருந்தது. சொல்லத் தகாததை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கல், மங்கலமல்லாததை மங்கலமாகச் சொல்லும் மங்கலம், ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் குழூஉக்குறி என்னும் தகுதி வழக்கு மூன்றையும் நடத்த வந்த அன்று, தமிழாசிரியர் நூலை மூடி வைத்துவிட்டு, வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் அம்மா என்ன சொல்வார் என்று கேட்டார். "அரிசி நிறைஞ்சிருக்கு" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது.

இல்லை என்னும் சொல் அடுப்படியில் ஒலிக்கலாகாது என்று இல்லாமையை நிறைவாக்கிச் சொன்ன அதே வாய்தான், விளக்கை அணை என்னாமல் 'குளிர வை' என்றும், தாலிக்கயிறு அற்றால் 'பெருகிவிட்டது' என்றும், விடைபெறும்போது 'போய் வருகிறேன்' என்றும் சொன்னது. செத்தாரைத் துஞ்சினார் என்றும், சுடுகாட்டை நன்காடு என்றும் இலக்கண உரைகள் எடுத்துக்காட்டுவது இந்த மங்கல வழக்கையே.

இடக்கரடக்கலில் ஆசிரியர் நெடுநேரம் நிற்கவில்லை. மலம் கழித்து வந்ததைக் 'கால் கழுவி வந்தான்' என்பதைச் சொல்லி, அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்க என்னும் பொருளில் 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்' என்று தொல்காப்பியம் முன்பே விதித்திருப்பதைக் காட்டினார். பெண்கள் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்தது 'முழுகாமல் இருக்கிறாள்' என்பது. மாதவிலக்கு முடிந்து தலை முழுகுவது வழக்கமாதலால், முழுகாத மாதமே கருவுற்ற செய்தியாயிற்று. லயத்து வாசலில் ஆண்கள் அமர்ந்திருக்கும்போதும் அச்செய்தி எவரையும் கூச வைக்காமல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் குழூஉக்குறி. சம்பள நாளன்று தோட்டத்துக் கள்ளுக்கடையிலிருந்து திரும்புவோர் மனத்தில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவதைக் கேட்டு வளர்ந்த எங்களுக்குச் சொல்விளம்பியின் பொருத்தம் உடனே விளங்கியது.

அச்சத்தால் பெயரை மறைக்கும் வழக்கும் உண்டு. இரவில் பாம்பைப் 'பூச்சி' என்றே பாட்டிமார் சொல்வார்கள். காட்டோரத்து மலாய்க்காரர்களும் புலியின் பெயரைச் சொல்லாமல் 'பாக் பெலாங்', அதாவது வரியுடைய பெரியவர், என்பார்கள். பெயர் சொன்னால் வந்துவிடும் என்னும் நம்பிக்கை இரு சமூகத்தாருக்கும் பொதுவாக இருந்தது.

அம்மை கண்ட வீட்டில் 'ஆத்தா வந்திருக்கிறாள்' என்பார்கள். கொப்புளம் 'முத்து' ஆகும், குணமாவது 'தண்ணீர் ஊற்றுவது' ஆகும். மங்கலமும் அச்சமும் பணிவும் கலந்த இதனைத் தகுதி வழக்கு மூன்றில் எதற்குள் அடக்குவது என்று வகுப்பில் நெடுநேரம் வாதிட்டோம். மங்கலத்துக்குள்தான் என்று நான் இன்றும் கருதுகிறேன்.