கழித்த பிறகு மிஞ்சுவது

பினாங்கில் ஒரு பொருளியல் ஆய்வகத்தில், சிறுகோண எக்ஸ் கதிர்ச் சிதறல் கருவியைப் பொறுப்பேற்று நடத்துவது என் வேலை. மாதிரியோடு வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, படம் எப்போது கிடைக்கும் என்பதுதான். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துப் பழகிய அவர்களுக்கு, இந்தக் கருவி ஒரு வளைகோட்டை மட்டுமே தரும் என்றால் முகம் சுருங்கிவிடும். ஆனால் நுண்ணோக்கி ஒரு சில துகள்களைக் காட்டும்போது, கற்றை ஊடுருவும் இடத்திலுள்ள கோடிக்கணக்கான துகள்களின் சராசரியை அந்த வளைகோடு சொல்லிவிடுகிறது.

எக்ஸ் கதிர்க் குழாயின் செம்பு இலக்கிலிருந்து வரும் 0.154 நானோமீட்டர் அலைநீளக் கதிரை மெல்லிய கற்றையாக்கி மாதிரியில் செலுத்தினால், உறிஞ்சப்பட்டது போக எஞ்சியதில் பெரும்பகுதி நேரே போய்விடும். மிகச் சிறிய பங்கே ஒரு சில டிகிரிக்குள் விலகிச் சிதறும். ஏறத்தாழ 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான கட்டமைப்பு அந்த விலகலில்தான் பதிவாகிறது. பெரிய துகளின் அடையாளம் சிறிய கோணத்தில் விழும் என்ற தலைகீழ்த் தொடர்பு புதியவர்களைச் சற்றுத் தடுமாற வைக்கும். வளைகோட்டின் தொடக்கத்திலிருந்து துகளின் அளவைக் குறிக்கும் சுழற்சி ஆரத்தைக் கணிக்க பிரெஞ்சு இயற்பியலாளர் ஆந்த்ரே கினியே 1939இல் காட்டிய வழியைத்தான் நாங்கள் இன்றும் முதலில் போட்டுப் பார்க்கிறோம்.

என் நேரத்தைத் தின்பது அளப்பதல்ல, நமக்கு வேண்டாத பொருள்களின் சிதறலை அளவீட்டிலிருந்து கழிப்பது. காற்றும் கதிரைச் சிதறடிக்கும் என்பதால் பாதையை வெற்றிடமாக்குகிறோம். கரைசலாக இருந்தால், 0.01 மில்லிமீட்டர் சுவர் கொண்ட குவார்ட்ஸ் நுண்குழாயில் குமிழி புகாமல் நிரப்பி, வாயை மெழுகால் அடைக்க வேண்டும். சரியாக அடைபடாத குழாய் வெற்றிடத்தில் கசிந்துவிடும். கரைப்பானையும் அதே குழாயில் அளக்கச் சொல்வேன், ஏனெனில் ஒரு குழாயின் சுவர் இன்னொன்றைப் போல இருப்பதில்லை.

அண்மையில் ஒரு மாணவி சிலிக்கா கலந்த இயற்கை ரப்பர்த் தகடுகளைக் கொண்டு வந்தார். (பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே ரப்பரின் உள்கட்டமைப்பை அளக்க வருவது எனக்குத் தனி மகிழ்ச்சி.) கழிப்பதற்கு அவர் வைத்திருந்தது கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தாத பச்சை ரப்பர். சிலிக்காவை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாம் சேர்த்துப் பதப்படுத்திய தகடு வேண்டும் என்றேன்.

"அண்ணே, சிலிக்கா இல்லாத ரப்பரில் என்ன இருக்கப்போகிறது?"

பதப்படுத்தும்போது சேர்க்கும் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது. எலெக்ட்ரான் அடர்த்தி மிகுந்த அந்தப் பொருள் அளவில் கொஞ்சமே சேர்ந்தாலும், அதன் பெரிய துகள்களின் சிதறல் மிகச் சிறிய கோணங்களில் செங்குத்தாக ஏறி நிற்கும். சிலிக்காத் திரள்களின் செய்தி ஒளிந்திருப்பதும் அங்கேதான். இரண்டையும் பிரிக்காமல் திரளின் அளவைச் சொன்னால், பாத்திரத்தோடு சேர்த்துப் பாலை எடை போட்ட கதையாகிவிடும்.

புதிய தகட்டைக் கழித்தபோது அந்த ஏற்றம் கணிசமாகத் தணிந்து, திரள்களாகச் சேரும் சிலிக்காவின் தனித்தனி முதன்மைத் துகள்களுக்குரிய வளைவு தெளிவாகத் தெரிந்தது. அதன் பிறகு முன்பதிவுப் படிவத்தில் கழிப்பதற்கான வெற்று மாதிரிக்கென ஒரு வரியைச் சேர்த்துவிட்டேன். அது நிரப்பப்படாமல் வந்தால் நேரம் ஒதுக்குவதில்லை. சிலர் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள்.