நூறு மீட்டர் மிச்சமிருக்கையில் திரும்பியவர்கள்

எவரெஸ்ட் என்றதும் டென்சிங், ஹிலாரி என்ற இரண்டு பெயர்கள்தான் எல்லார் வாயிலும் வரும். வேலை என்ற கண்ணோடு பார்த்தால், அவர்களுடைய குழுவிலேயே, அவர்களுக்கு மூன்று நாள் முன்னால் அதே மலையில் ஏறி, உச்சியைத் தொடாமல் இறங்கிய இருவரிடம்தான் கற்க நிறைய இருக்கிறது. சார்ல்ஸ் எவன்ஸ், டாம் போர்டில்லன்.

1953 மே 26. ஏறத்தாழ 7,900 மீட்டர் உயரத்தில் சவுத் கோல் என்னும் கணவாய். அங்கிருந்து உச்சிக்கு 900 மீட்டருக்கும் அதிகமான ஏற்றம். இடையில் கூடாரம் இல்லாததால் ஒரே நாளில் ஏறி இறங்கியாக வேண்டும். காலையில் எவன்ஸின் ஆக்ஸிஜன் கருவியில் வால்வு தகராறு செய்தது. அதைச் சரிசெய்வதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. பிற்பகல் ஒரு மணிக்குத் தெற்குச் சிகரத்தை அடைந்தார்கள். அதுவரை மனிதக் கால் படாத உயரம் அது. உச்சிக்கு இன்னும் 100 மீட்டர்தான் ஏற்றம். ஆனால் கண்ணெதிரே நீண்டு கிடந்த பனி முகட்டில் போய்த் திரும்பும் நேரத்துக்கு ஆக்ஸிஜன் போதாது. போர்டில்லனுக்குத் திரும்ப மனமில்லை. கடைசியில் இருவருமே இறங்கினார்கள்.

காலையில் தொலைத்த நேரத்தை மதியம் பிடித்துவிடலாம் என்று நம்பாத மேலாளர் அரிது. மலையில் அந்தக் கடன் அடைவதே இல்லை. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து, உச்சியில் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். நடை மட்டுமா தளரும், கணக்குப் போடும் மூளையும் மந்தமாகும். அதனால்தான் திரும்பும் நேரத்தைக் கீழேயே, தலை தெளிவாக இருக்கும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள். எங்கே நிற்கிறோம் என்பது முக்கியமில்லை. மணி ஆனால் திரும்ப வேண்டும். 1996 மே 10 அன்று எவரெஸ்டில் பலர் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகும் மேலே ஏறிக்கொண்டே இருந்தார்கள். மாலையில் புயல் பிடித்தது. அந்த ஒரு புயலில் எட்டுப் பேர் இறந்தார்கள்.

இதற்கு எவரெஸ்ட் வரை போக வேண்டியதில்லை. சாதாரண மலைநடைக்கே ஒரு பழைய கணக்கு உண்டு: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தூரமும் 1,200 மீட்டர் ஏற்றமும் என்றால் நான்கு மணி. ஓய்வு, சாப்பாடு, வழுக்குப் பாறை எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தில்தான் திட்டம் போட வேண்டும். அவரை நடுவிலோ முன்னாலோ விட வேண்டும். கடைசியில் விட்டால், அவர் மூச்சிரைக்க வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வு முடித்துக் கிளம்பியிருப்பார்கள். அதிக ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது. எத்தனை அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்தவருக்கு இதுவே நடக்கிறது!

3,000 மீட்டரைத் தாண்டினால் படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். தலைவலியோடு குமட்டல், சோர்வு, தூக்கமின்மை சேர்ந்தால் மேலே போகாமல் நிற்க வேண்டும். ஒருவர் தடுமாறினால், குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லையென்றால் மூளையில் நீர் கோக்கிறது என்று கொண்டு, இருட்டானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். ஆபத்து என்னவென்றால், தலைவலியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தன்னால் பயணம் கெட்டது என்று பெயர் வருமே என்ற கூச்சம். “எல்லாரும் நல்லா இருக்கீங்களா?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டால் பதில் ஒன்றுதான். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார், காலையில் என்ன சாப்பிட்டார், எத்தனை முறை சிறுநீர் போனார் என்று கேட்டால்தான் உண்மை வரும்.

பூட்ஸுக்குள் சூடு பிடிப்பதும் அப்படித்தான். தோல் எரியத் தொடங்கியதுமே நின்று டேப் ஒட்டினால் ஐந்து நிமிட வேலை. அடுத்த முகாமில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கொப்புளம் உடைந்து மறுநாள் நடையே போய்விடும்.

மறுபடி 1953க்கு. எவன்ஸும் போர்டில்லனும் ஏறிய அதே நாளில் குழுத் தலைவர் ஜான் ஹண்டும் ஷெர்பா டா நம்கியாலும் கூடாரம், உணவு, மண்ணெண்ணெய் என்று சுமந்துகொண்டு சுமார் 8,330 மீட்டர் வரை ஏறி, சுமையை அங்கே இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். தலைவர் உச்சிக்குப் போகும் ஜோடியில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை, சுமை தூக்கினார். 28ஆம் தேதி குழுவைச் சேர்ந்த லோ, கிரெகரி, ஆங் நிமா மூவரும் டென்சிங், ஹிலாரியோடு ஏறி, அந்தச் சுமையையும் எடுத்துக்கொண்டு 8,500 மீட்டர் அருகே கூடாரத்துக்கு இடம் கிடைத்ததும் கீழே போனார்கள்.

இரவில் ஹிலாரியின் பூட்ஸ் உறைந்துவிட்டது; காலையில் அடுப்பில் காட்டி இளக்கவே ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஆக்ஸிஜன் குறைவு என்பதால் நிமிடத்துக்கு 4 லிட்டர் என்ற திட்டத்தை 3 லிட்டராகக் குறைத்துக்கொண்டு ஆறரை மணிக்குக் கிளம்பினார்கள். கொஞ்ச தூரம் ஏறியதும் முகட்டில் இரண்டு சிலிண்டர்கள் கிடந்தன. எவன்ஸும் போர்டில்லனும் விட்டுப்போனவை. ஹிலாரி அளவுமானியின் பனியைச் சுரண்டிப் பார்த்தார். சிக்கனமாகச் செலவழித்தால் சவுத் கோல் வரை இறங்கப் போதும். திரும்பி வரும்போதைய கணக்கில் அவற்றைச் சேர்த்துக்கொண்டு, தொடாமல் மேலே போனார்கள். பதினொன்றரைக்கு உச்சி, அங்கே பதினைந்து நிமிடம். இறங்கும் வழியில் அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு கூடாரத்துக்கு வந்தார்கள்.