முட்டிவலியோடு வெனிஸ்

அம்மாவுக்கு முட்டிவலி. வெனிஸ் என்றதும், “தண்ணிக்குள்ள இருக்கிற ஊர்தானே, படகுலயே போயிடலாம்ல?” என்று கேட்டார். பாதிதான் சரி. காரும் பஸ்ஸும் ஊர் எல்லையிலுள்ள பியாஸ்ஸாலே ரோமா என்ற சதுக்கத்தோடு நின்றுவிடும். அதற்கப்புறம் படகு, இல்லையென்றால் நடை. நடந்தால் பாலம். நானூறுக்கும் மேல் பாலங்கள், ஏறக்குறைய எல்லாமே படி வைத்தவை.

அதனால் விடுதி தேடும்போது நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், படகுத்துறையைப் பாருங்கள். வரைபடம் 200 மீட்டர் என்று காட்டும், நடுவில் இரண்டு பாலம் இருக்கும். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்காத குறையாக ஏற வேண்டும். துறையிலிருந்து ஒரு பாலம்கூட ஏறாமல் போகிற மாதிரி ஒரு சின்ன விடுதியைப் பிடித்தோம். பயணத்தில் நான் எடுத்த நல்ல முடிவு அதுதான். ரயிலில் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் மெஸ்த்ரேயில் வாடகை குறைவு, ஆனால் கூட்டம் வடிந்த இரவும் விடியற்காலையும் கைவிட்டுப் போகும்.

ஊர்ப் படகுக்கு வபோரெட்டோ என்று பெயர். நாங்கள் போனபோது 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ, 72 மணி நேரச் சீட்டு 45 யூரோ. ஐந்து தடவை ஏறினாலே கட்டுப்படியாகிவிடும். ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன் சீட்டைக் கருவியில் காட்ட மறக்காதீர்கள், அபராதம் பெரிது. இருட்டிய பிறகு, பியாஸ்ஸாலே ரோமாவிலேயே 1-ஆம் எண் படகில் ஏறி உட்காருங்கள். பெரிய கால்வாய் முழுவதையும் நிதானமாகச் சுற்றிக்கொண்டு சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் போகும். இருபுறமும் மாளிகைகளின் ஜன்னல்களில் விளக்கு. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

2024 முதல், கூட்டம் அதிகமுள்ள சில நாட்களில், பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். இரவு தங்குபவர்கள் கட்ட வேண்டாம், ஆனால் விலக்குக்கு இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். காபியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு. தெருக்குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம்.

காலையில் ரியால்டோ மீன் சந்தைக்குப் போங்கள். ஞாயிறும் திங்களும் மீன் கிடையாது. ஐஸ் மேல் கணவாய் கிடந்தது, மை கசிந்து ஐஸெல்லாம் கறுத்திருந்தது. “நம்மூர் கணவாதான் இது” என்று குனிந்து பார்த்தார் அம்மா. பக்கத்துத் தட்டில் மத்தி, அதற்கடுத்து இறால்.

கோண்டோலா என்ற சுற்றுலாத் துடுப்புப் படகுக்கு அரை மணிக்கு 90 யூரோ. சந்தைக்குப் பக்கத்திலேயே டிராகெட்டோ என்ற துடுப்புப் படகு, அதுவும் கோண்டோலா மாதிரிதான், எதிர்க்கரை சாந்தா சோபியாவுக்கு ஆளுக்கு 2 யூரோவில் கொண்டுவிடும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் துடுப்புப் போட, சில நிமிடத்தில் கரை வந்துவிட்டது. அம்மா கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டே, “திரும்பவும் இதுலயே போவோமா?” என்றார். சரி என்று இன்னும் 4 யூரோ எடுத்து நீட்டினேன்.