மாடித் தொட்டியில் ஆகாயத்தாமரை: பங்குனி முதல் ஐப்பசி வரை

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நீல டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து இரண்டு தொட்டிகள் ஆக்கினேன். ஒன்றில் போர்த் தண்ணீர் மட்டும். மற்றதில் மீன்தொட்டி மாற்றும்போது எடுக்கிற அழுக்குத் தண்ணீர். கண்மாய் ஓரத்திலிருந்து மூடி போட்ட வாளியில் கொண்டுவந்த ஆகாயத்தாமரையை இரண்டிலும் சம அளவில் மிதக்க விட்டேன். இந்தச் செடி எதைத் தின்று இப்படிப் பரவுகிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் ஆசை.

சித்திரை பாதியிலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. அழுக்குத் தண்ணீரில் இருந்த செடிகள் தொட்டியை அடைத்துக்கொண்டு, இடம் போதாமல் மேல்நோக்கி எழும்பின. போர்த் தண்ணீரில் இருந்தவை வெளிறி, சின்னதாகவே கிடந்தன. தூக்கிப் பார்த்தால் ஆச்சரியம்: வெளிறிய செடிக்குத்தான் வேர் நீளம். கருநீல இழைகள் தொட்டியின் அடிவரை தொங்கின. சத்து கிடைக்காததால் அதைத் தேடி வேர் நீள்கிறது. கொழுத்த செடிக்கு வேர் கட்டையாக இருந்தது, இருந்த இடத்திலேயே சாப்பாடு கிடைக்கிறதே! செல்லூர் கண்மாயில் இந்தச் செடி ஆள் இடுப்புயரம் நிற்பதற்கும் வீட்டுச் சாக்கடை அங்கே போய்ச் சேர்வதற்கும் உள்ள தொடர்பு எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பொக்லைன் வைத்து அள்ளுகிறார்கள், கொஞ்ச நாளில் மறுபடி மூடிவிடுகிறது. சாக்கடையை நிறுத்தாமல் செடியை மட்டும் அள்ளினால் வேறு என்ன நடக்கும்?

உப்பிய இலைக்காம்பு ஒன்றைப் பிளேடால் குறுக்கே அறுத்தேன். உள்ளே முழுக்கக் காற்றறைகள், தேன்கூடு மாதிரி. இலைகள் தண்ணீருக்கு மேல் நிமிர்ந்து நிற்பதால் காற்று பாய்மரத்தில் தள்ளுவதுபோல் தள்ளுகிறது. அடித்தண்டிலிருந்து கிடையாக ஒரு கொடி ஓடி, அதன் நுனியில் குட்டிச் செடி. அந்தக் கொடி அறுந்தாலும் குட்டி தனியாகப் பிழைத்துக்கொள்கிறது. ஆடியில் ஊதாப் பூ வந்தது. மேல் இதழில் மட்டும் மஞ்சள் பொட்டு. அமேசான் பக்கத்துச் செடியை 19ஆம் நூற்றாண்டில் உலகமெங்கும் கொண்டுபோனது இந்தப் பூவின் அழகுதான். பூ வாடியதும் காம்பு வளைந்து தண்ணீருக்குள் இறங்கி விதையை விடும். அந்த விதை சேற்றில் 15, 20 வருடம்கூட உயிரோடு கிடக்கும் என்பதால் பூக்களை உடனுக்குடன் கிள்ளிவிட்டேன்.

சில இலைகளில் சுரண்டி எடுத்ததுபோல் சின்னத் தழும்புகள் தெரிந்தன. இந்தச் செடியைத் தின்னும் கூன்வண்டுகளின் கடி அப்படித்தான் இருக்கும். 1980களில் பெங்களூரில் சோதித்துவிட்டு நம் நாட்டு நீர்நிலைகளில் விட்ட வண்டுகள் அவை. சத்து மிகுந்த தண்ணீரில் செடி வளரும் வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

கொசுவுக்கு கப்பி மீன் விட்டிருந்தேன். வழக்கமான கொசுப்புழு மூச்சுவிட மேலே வரும், மீன் பிடித்துவிடும். ஆனால் மான்சோனியா என்ற கொசுவின் புழு இதுமாதிரி மிதக்கும் செடிகளின் வேரைத் துளைத்து அதிலிருந்தே காற்றை உறிஞ்சும், மேலே வராது. யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்புவது அந்தக் கொசு. வீட்டில் இதை அழகுக்கு வளர்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

ஐப்பசி மழைக்கு முன்பே தொட்டிகளைக் காலி செய்தேன். எங்கள் தெருச் சாக்கடையில் போவது வைகைக்கோ கண்மாய்க்கோதான் போகும். செல்லூர் கண்மாய் நிறைந்தால் பந்தல்குடி கால்வாய் வழியாக வைகை. ஒரு குட்டிச் செடி தப்பினாலும் போதும். அதனால் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டித்தான் ஊற்றினேன். செடிகளைத் தளத்தில் பரப்பிக் காயவைத்தேன். குவித்துப் போட்டிருந்த ஒரு மூலையில் மேலே சருகு, உள்ளே பச்சை. கிளறிப் பரப்பி, நொறுங்கும்வரை காய்ந்த பிறகுதான் குரோட்டன்ஸ் தொட்டிக்கு மூடாக்காகப் போட்டேன். கீரைத் தொட்டிக்குப் போடவில்லை. ஈயம், காட்மியம் போன்றவற்றை உறிஞ்சி வைக்கிற செடி, சாக்கடைக் கண்மாயிலிருந்து வந்தது.

இப்போது ஒரு தொட்டியில் களிமண் போட்டு அல்லிக்கிழங்கு, மற்றதில் வேலம்பாசி. வேலம்பாசி நம் கண்மாய்ச் செடிதான். 1950களில் மீன்தொட்டி வியாபாரத்தில் புளோரிடா போய், அங்கே ஏரிகளை அடைத்துவிட்டது. அதனால் அதையும் வடிகட்டாமல் ஊற்றுவதில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி, "அண்ணே, அந்த ஊதாப்பூச் செடி ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்டான். அது தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அல்லி பக்கக்கிழங்கு விட்டதும் முதல் கிழங்கு அவனுக்குத்தான்.