பட்டர் படாத கேக்

மச்சாள் கொழும்பிலிருந்து வருவதாகச் சொன்னதும், அவளுடைய மகனின் ஏழாவது பிறந்தநாளைத் திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டிலேயே கொண்டாடுவோம் என்று நான்தான் வாய் கொடுத்தேன். கேக்கும் என் பொறுப்பு என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மச்சாள், அவனுக்குப் பால் ஆகாது. கேக்கை நாங்களே கொண்டு வருகிறோமே" என்றாள்.

பதினைந்து வருடமாக ஊருக்குக் கேக் அடித்துக் கொடுப்பவளுக்கு இது ரோசத்தைக் கிளப்புமா, கிளப்பாதா?

பக்கத்து வீட்டு அக்கா, "வயிறு கொஞ்சம் ஊதும், அவ்வளவுதானே" என்றார். அது லாக்டோஸ் என்கிற பாற்சீனி செரிக்காதவர்களின் கதை. இவனுக்கு ஒவ்வாதது பாலில் உள்ள புரதம். இரண்டு வயதில் ஒரு பிஸ்கட் துண்டுக்கே உதடு வீங்கி, மூச்சு இழுத்து, தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். லாக்டோஸ் நீக்கிய பால், ஆட்டுப்பால், நாங்கள் சட்டியில் வாங்கும் எருமைத் தயிர் எதுவும் அவனுக்கு ஆகாது. நெய்யிலும் அந்தப் புரதம் துளியளவு தங்கியிருக்கும். முட்டை, கஜு இரண்டும் சாப்பிடுவான் என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

பட்டருக்குப் பதில் மாஜரீன், வேலை முடிந்தது என்றுதான் கடைக்குப் போனேன். டப்பாவின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தை இவருடைய கண்ணாடியைப் போட்டுப் படித்தால், 'மில்க் சொலிட்ஸ்'. இன்னொன்றில் 'வே பவுடர்', பால் திரிந்து வடியும் தண்ணீரின் தூள். சரி, தேங்காய்ப்பால் மாவாவது எடுப்போம் என்று பார்த்தால் அதில் 'சோடியம் கேசினேட்'. அதுவும் பால் புரதம்தான், தேங்காய்ப்பாலைத் தூளாக்கச் சேர்க்கிறார்களாம். தேங்காயில் மாட்டுப்பால்! முற்றத்தில் இரண்டு தென்னையை வைத்துக்கொண்டு நான் ஏன் பெட்டி வாங்க வேண்டும் என்று திரும்பி வந்து தேங்காய் துருவினேன்.

முதல் ஒத்திகை கேக் களி. பட்டரையும் சீனியையும் அடிப்பதுபோலத் தேங்காய் எண்ணெயையும் சீனியையும் அடித்தேன். இந்த ஊர் வெயிலில் தேங்காய் எண்ணெய் எந்த நாளில் உறைந்தது? இளகிய எண்ணெயில் காற்று பிடிக்காது, கேக் எழும்பாது. மறுதடவை அந்த வேலையை முட்டையிடம் விட்டேன். நாலு முட்டையையும் 200 கிராம் சீனியையும், வெளிறித் தடித்து, கரண்டியிலிருந்து நாடாபோல் விழும்வரை அடித்தேன். அப்புறம் 120 மில்லி எண்ணெயை நூலாக ஊற்றி, அதே அளவு கெட்டி முதற்பால், தேசிக்காய்த் தோல் துருவல், 220 கிராம் கோதுமை மா, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர். 170 பாகையில் முக்கால் மணி நேரம். நன்றாகவே வந்தது. பட்டர் கேக்கின் வாசம் வராதுதான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

சாமானை மாற்றுவது ஒரு வேலையே இல்லை. குசினிதான் பெரிய தலையிடி. இரண்டு நாள் எந்த ஓடரும் எடுக்கவில்லை, பால்மா பேணியைத் திறக்கவும் இல்லை, அது பறந்து எங்கும் படியும். மரக்கரண்டி, பட்டர் பூசும் தூரிகை, அரிதட்டு மூன்றையும் எடுத்து ஒளித்துவிட்டு, சந்தையில் புது அரிதட்டும் கரண்டியும் வாங்கினேன். கேக் அடிக்கும் பீட்டர் மெஷினில் கம்பி செருகும் ஓட்டைக்குள் பல்குத்தும் குச்சியை விட்டு இழுத்தால், காய்ந்த கிரீம் பொடியாய் விழுந்தது. எத்தனை வருடத்துக் கிரீமோ!

மச்சாள் காலையில் வந்து, தேத்தண்ணியுடன் குசினிக் கதவடியில் உட்கார்ந்தாள். ஒவ்வாமை மூச்சை அடைத்தால் உடனே போடும் அட்ரினலின் ஊசி இருந்த பையை மேசையில் கைக்கெட்டிய தூரத்தில் வைத்துக்கொண்டாள். நான் கதைத்தபடியே கலவையைத் தட்டில் ஊற்றி, வழித்து முடித்தேன்.

"மச்சாள், அது என்ன தாள்?"

பட்டர் சுற்றி வரும் தாளை நான் எறிவதில்லை. பிரிட்ஜ் கதவில் மடித்து வைத்திருந்து, கேக் தட்டில் பூச எடுப்பேன். அன்றும் கை தன்பாட்டுக்கு எடுத்துப் பூசியிருக்கிறது. தலைக்கு அது தெரியவே இல்லை.

அழுகை வந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை, "எனக்கும் நடந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னாள். அந்தக் கலவையை அப்படியே பக்கத்து வீட்டு அக்காவின் அவணுக்குக் கொடுத்து அனுப்பினோம். இவரை மோட்டார் சைக்கிளில் டவுனுக்கு விரட்டிப் புதுத் தட்டு எடுப்பித்தேன். பழைய தட்டின் மடிப்பில் மஞ்சளாய் ஒரு பிசுக்கு ஏறியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன், அந்தத் தட்டையே எடுத்திருக்கக் கூடாது. மேசையையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். சானிடைசர் கிருமியைக் கொல்லும், புரதத்தைக் கழுவி எடுக்காது. இரண்டாம் முறை மச்சாள்தான் தட்டில் எண்ணெய் பூசினாள்.

பின்னேரம் ஐசிங் சீனியும் தேசிப்புளியும் குழைத்து மேலே ஊற்றி, ஏழு மெழுகுவர்த்தி வைத்தோம். பிள்ளை மூன்று துண்டு சாப்பிட்டான். அடுத்த நாள் காலையில் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்த இவர், மிச்சக் கேக்கை வெட்டக் கத்தியை நீட்டினார்.

"மாமா, அந்தக் கத்தி வேண்டாம்" என்றான் அவன், தட்டைத் தன் பக்கம் இழுத்தபடி.